கால் எப்படி இருக்கிறது

நர்ஸ் பயிற்சி விடுதி,
சென்னை.
12-8-73

அன்புள்ள மாமாவுக்கு,

கலா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு ஆரணிக்குப் போயிருந்தேன். தை மாதம் எனக்கும் உங்களுக்கும் கல்யாணம் என்று நைனா சொன்னார். நாளைக்கு நாற்று நடவு என்கிற மாதிரி சொன்னார். நான் முடியாது என்றேன். "மாப்ளயே சரின்னு தலயாட்டிட்டாரு, உனுக்கு இன்னாடி கேடு? அக்கா புருசன்தான, வெளியாளா?" என்று கத்தினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பவானி வாழ்ந்த ஊடும்மா. அந்நியத்துல போய் வுழறதுக்கு இது எவ்ளோ மேல்" என்று அழுதாள்.

நீங்கள் எப்போது தலையாட்டினீர்கள் என்று விசாரித்தேன். ஆடியில் வந்தபோதாம். சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்களாம். நைனா கேட்டாராம். உங்கள் தலை ஆடியதாம். மாமா, உண்மையைச் சொல்லுங்கள். அது சம்மதமா, இல்லை முருங்கைக்காய் மென்றுகொண்டிருந்தீர்களா?

கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பயிற்சியில் இடமில்லை. தையில் தாலி என்றால் தையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிறது. வார்டில் இப்போதுதான் தனியாக ஊசி போட விடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்கா விட்டுவிட்டுப் போன புடவைகளை அம்மா வெயிலில் உலர்த்தி, மடித்து, எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். புடவையோடு சேர்த்து என்னையும் மடித்து அவள் பெட்டியில் வைக்கப் பார்க்கிறார்கள்.

நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் நைனா கேட்பார். வேண்டாம் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

மரியாதையும் கோபமும் கலந்து,
சந்திரகலா


காக்களூர்,
திருவள்ளூர்.
30-8-73

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. காலையில் கம்பெனி, மாலையில் ரூம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஆலையில் பாய்லர் ரிப்பேர் வேலை எடுத்திருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் ரயில் மாறி அங்கே போகிறேன். போகும்போது மீஞ்சூரில் இறங்கி அம்மாவைப் பார்ப்பதும் உண்டு. அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரம்மா ரோசம்மாள் மூன்று வேளையும் தட்டில் போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். மதியத்துக்கு ஃபிட்டர் பாக்கியநாதன் வீட்டிலிருந்து கேரியர் வருகிறது. எதிர்வீட்டில் பண்டிகை, விசேஷம் என்றால் அதுவும் வருகிறது.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் நைனாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாள் பூராவும் நின்றபடியே செய்கிற வேலை உனக்கு. கால் எப்படி இருக்கிறது? பார்த்துக்கொள்.

பரசுராமன்


சென்னை
5-9-73

அன்புள்ள மாமா,

ரோசம்மாள் சௌக்கியம், பாக்கியநாதன் சௌக்கியம், கேரியர் சௌக்கியம். சந்தோஷம். நான் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் காணோம்.

போன வாரம் நைனா என்னைப் பார்க்க விடுதிக்கே வந்துவிட்டார். ஒரு கூடை வேர்க்கடலையோடு வாசலில் நின்றுகொண்டு, பயிற்சியை விடுவதாக எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று காவல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். காவல்காரரிடம்! நல்ல வேளை, அந்த ஆளுக்குக் காது மந்தம்.

நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு மாலை கட்டிவிடுவார்கள்.

அது போகட்டும். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களே, எந்தக் கால்? யார் கால்? அக்கா கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் இதையே கேட்கிறீர்கள். ஒரு தரம் அக்காவிடம் கால்வலித் தைலம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினீர்கள். அது எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. நொண்டிக்கொண்டிருந்த எங்கள் சிவப்பு மாட்டுக்குத் தடவினோம். அது இப்போது நன்றாக நடக்கிறது.

சந்திரகலா


காக்களூர்
19-9-73

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

மாடு நடப்பது பற்றிச் சந்தோஷம். ஆனால் தைலம் உனக்குத்தான் வாங்கினேன்.

நான் உன் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துப் பார். நாங்கள் ஆறேழு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ பஜ்ஜித் தட்டுடன் உள்ளேயிருந்து வந்தாய். பாதி கூடம் வந்ததும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். தட்டு சாயவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே ஒவ்வொருவருக்கும் எட்டி எட்டி பஜ்ஜி கொடுத்தாய். பிறகு எழுந்திருக்காமல், தரையோடு நகர்ந்து நகர்ந்து, பின்பக்கமாகவே சமையல்கட்டுக்குள் போய் மறைந்தாய். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உன் நைனா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் அம்மா, "பெரியவ லட்சணமாத்தான் கீறா. சின்னதுக்குக் கால் வெளங்கல போலக்கீது. பாவம், மறைச்சிக்கினு கீறாங்க" என்றார். வம்சத்திலேயே இருக்குமோ என்று ஒரு வாரம் இழுத்தடித்தார். தட்டு சாயாததால் இடுப்புக்கு மேலே குறை ஒன்றும் இல்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

பிறகு நீ நடப்பதைப் பார்த்தேன். சில நாள் வந்து சில நாள் போகிற வலி என்று நினைத்துக்கொண்டேன். பவானியிடம் கேட்டேன். "ஆமா, அவளுக்கு அப்பப்ப வரும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். விக்கல் எடுக்கும் வரை சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைப் பார்த்தும் சிரித்தாள். என்னவென்று எத்தனையோ தரம் கேட்டேன். "அது எங்க ஊட்டு சங்கதி, உனுக்கு எதுக்கு?" என்றாளே தவிர, கடைசி வரையில் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்தால் எழுது.

பரசுராமன்


சென்னை
26-9-73

அன்புள்ள மாமா,

கடிதத்தைப் படித்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் ஞானம்மா, என் வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று நினைத்து ஓடி வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக உங்கள் குடும்பத்துக்கே நான் நொண்டியா? அக்கா பாவி, என்னிடமும் சொல்லவில்லை!

சொல்கிறேன். யாரிடமும் சொல்லக்கூடாது. உங்கள் அம்மாவிடம் முக்கியமாகச் சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் நான் ஒரு பாவாடை நாடா பின்னினேன். பச்சை நூல், மூன்று புரி. என்னுடையது என்று அடையாளம் தெரிய முனையில் சிவப்புக் குஞ்சம் வைத்திருந்தேன். கயிறு மாதிரி கெட்டி. அதற்குப் பரிசு கூடக் கொடுத்தார்கள். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று அக்காவின் புதுப் பாவாடைக்கு நாடா இல்லை. நான் குளிக்கப் போயிருந்தபோது என் பாவாடையிலிருந்து அதை உருவிக்கொண்டு போய்விட்டாள். "எனுக்குத்தாண்டி இன்னிக்கு விசேசம், உன்ன எவன் பாக்கப் போறான்?" என்றாள். சண்டை போட நேரமில்லை. நீங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். அரிசி மூட்டையைப் பிரித்த சணல் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு தட்டைத் தூக்கினேன்.

பாதி கூடத்தில் சணல் அறுந்தது.

இரண்டு கையிலும் தட்டு. நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்தேன். பாவாடையும் புடவையும் என்னைச் சுற்றிக் குவிந்துகொண்டன. உங்கள் பெரியப்பா மூன்றாவது பஜ்ஜி கேட்டபோது அந்த மனிதரைக் கடித்துவிடலாம் போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தோள் குலுங்கியது. நீங்கள் எல்லோரும் அதை வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த நாடாவை அவள் திருப்பித் தரவே இல்லை. கேட்கும்போதெல்லாம், "இது ராசியான நாடாடீ, உனுக்கு வேற வாங்கித் தர்றேன்" என்பாள்.

இதை எழுதி முடிக்கும்போது பாதி சிரிப்பாகவும் பாதி வேறு மாதிரியாகவும் இருக்கிறது. போகட்டும். நான் என் மானத்தை உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். இனி உங்கள் முறை. நீங்கள் மானம் போய் நின்ற கதை ஒன்று வேண்டும். அதற்குக் கீழே அந்த ஒரு வரியும் வேண்டும்.

கால் பரம சௌக்கியம்.

சந்திரகலா


ஆரணி
29-10-73

மாப்பிள்ளை பரசுராமன் அவர்களுக்குச் சுப்பராயன் எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். பவானியின் வருஷத் திவசத்துக்கு நீங்கள் வந்து இருந்து செய்து கொடுத்தது எங்களுக்குப் பெரிய தெம்பு. நீங்கள் பஸ் ஏறின பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உங்கள் அத்தை கெங்கம்மாள் நீங்கள் சாப்பிட்ட இலையைச் சாயங்காலம் வரை எடுக்கவில்லை.

கார்த்திகை கடைசி ஞாயிறு வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம். விட்டால் மார்கழி வந்துவிடும். உங்கள் தாயாருக்கும் எழுதிவிட்டேன். சின்னது தாம்தூம் என்று குதிக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வந்து உட்கார்ந்தால் போதும்.

புது நெல் குத்தி அரிசி எடுத்து வைத்திருக்கிறோம். வெறுங்கையோடு வாருங்கள், ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

சுப்பராயன்


சென்னை
8-11-73

மாமாவுக்கு. இது கார்டு, வார்டன் அம்மா படித்துவிட்டுத்தான் போடுவார்கள். அதனால் சுருக்கமாக: கால் சுகம். ஆறு வாரமாகப் பதில் இல்லை. உங்கள் முறை பாக்கி. வரியும் பாக்கி. கார்த்திகை கடைசி ஞாயிறு எனக்கு டூட்டி, லீவு இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றப் பெண் தேவையில்லையாம். நைனா எழுதியிருக்கிறார்.

கலா


காக்களூர்
25-11-73

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன புதன்கிழமைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பருத்துவிட்டேன். திவசத்தன்று நீ என்னைச் சரியாகப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தாய். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் இளைப்பான் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டே தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். தட்டைத் திருப்பி அனுப்ப ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. சாப்பிட்டுவிடுவது சுலபம். ருசி ஒன்றும் தெரிவதில்லை, உள்ளே போய்விடுகிறது. தெருவில் ஒரு அம்மாள் என் காதுபடவே, "பொண்டாட்டி போனதுல ஆளு நல்லா தேறிக்கினாரு" என்றாள். எனக்குக் கோபம் கூட வரவில்லை. சரியான அளவுதான் சொல்கிறாள் என்று தோன்றியது.

பேண்ட்டுக்குக் கொக்கி எட்டுவதில்லை. பெல்ட் போதவில்லை. புதுசு தைக்கத் தையல்காரனிடம் போக வேண்டும், அளவு கொடுக்க வேண்டும், ஏன் இப்படி ஆனது என்று அவன் கேட்பான். அதனால் பவானியின் பெட்டியைத் திறந்தேன். ஒரு நாடா இருந்தது. அதைப் பேண்ட்டில் கோத்து இறுக்கிக் கட்டி, மேலே சட்டையை விட்டுக்கொண்டு போய்வந்தேன். எட்டு மாதமாக அப்படித்தான்.

புதன்கிழமை கும்மிடிப்பூண்டி ஆலையில் பாய்லர் சோதனை. பாய்லர் என்றால் படுத்திருக்கிற பெரிய இரும்பு உருளை. உள்ளே போய்ப் பார்ப்பதற்குப் பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அரசாங்கத்து இன்ஸ்பெக்டர் வருவதற்குள் நான் உள்ளே புகுந்து வெல்டிங்கை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் செய்கிற வேலை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தலையை விட்டேன். தோள் போனது. வயிறு நின்றுவிட்டது.

முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கை இரண்டும் உள்ளே. கால் இரண்டும் வெளியே.

"சார், இன்னா சார் நின்னுக்கினீங்க?" என்று பாக்கியநாதன் கேட்டான்.

"சிக்கிடுச்சு."

"இன்னா சார் சிக்கிச்சு?"

"நான்தான்யா."

அவன் காலைப் பிடித்து இழுத்தான். இன்னும் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். "எங்க ஊட்டு கேரியர்ல நாலு இட்லி கொறச்சி வெச்சிருக்கணும் சார், எம் பொண்டாட்டி கேக்கல" என்று வருத்தப்பட்டான். பிறகு பேண்ட்டைத் தளர்த்தினால் அரை அங்குலம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரிதான். செய் என்றேன். சட்டையைத் தூக்கினான். வெளியே எல்லாச் சத்தமும் நின்றது.

"சார்... இது இன்னா சார், பாவாட நாடா மாதிரி கீது?"

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "ஏம்ப்பா, உள்ளே யாரு? லேடீஸையா அனுப்பியிருக்கீங்க?" என்று அவர் கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆலை முழுக்கச் சிரித்தது.

இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. "அவுக்க முடியாது சார். டேய், ரம்பத்த எடு, ஒரே இழுப்பு" என்றான் பாக்கியநாதன். நான் "வெட்டாதே!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. இரும்புக்குள் கத்தினால் குரல் வெளியே போவதைவிட நம்மிடமே திரும்பி வரும். வெட்டாதே, வெட்டாதே, வெட்டாதே என்று யார் யாரோ கத்துவது போல இருந்தது. "சரி சார், வெட்டல சார், பேஜாரு பண்ணாதீங்க" என்று பாக்கியநாதன் பயந்துவிட்டான். கடைசியில் அவன் மண்டிபோட்டுப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தான். இன்ஸ்பெக்டர் டார்ச் பிடித்தார். கிரீஸ் தடவி இழுத்தார்கள். நான் வெளியே வந்தேன். பேண்ட் என்னோடு முழங்கால் வரைதான் வந்தது.

அவன் கடித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே இருட்டில் சிரித்தேன். பவானி போன பிறகு அதுதான் முதல் தரம். ஆரம்பித்தது சிரிப்பாகத்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. கண்ணைத் துடைக்கக் கையை மடக்க முடியவில்லை. வெளியே வந்ததும், கிரீஸ் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

நாடா பச்சை நிறம். மூன்று புரி. முனையில் சிவப்புக் குஞ்சம்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் படித்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

கால் எப்படி இருக்கிறது? இனிமேல் இதைத் தமாஷாகக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்.

பரசுராமன்


சென்னை
1-12-73

அன்புள்ள மாமா,

ஞானம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மன்னியுங்கள். "லேடீஸையா அனுப்பியிருக்கீங்க" வரையில் இரண்டு பேரும் கட்டிலில் உருண்டோம். அதற்கப்புறம் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியை அவளுக்குக் காட்டவில்லை.

அக்கா போன பிறகு அவளைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். நல்லவள், பொறுமைசாலி, மகாலட்சுமி. நாடா திருடினாள், விக்கல் வரச் சிரித்தாள், புருஷனுக்குத் தைலம் வாங்க வைத்து ஏமாற்றினாள் என்று நாம் இரண்டு பேர்தான் பேசுகிறோம். எனக்கு அவள் இந்தக் கடிதங்களில்தான் அவளாகத் தெரிகிறாள்.

அதனால் இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன். அந்த ஒரு வரியை நீங்கள் ஏன் எழுதவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் நீங்கள் யார்? நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டால், பவானி என்று வாய்விட்டுப் பேச உங்களுக்கு வேறு வீடு கிடையாது. நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனதில் இருக்கும் அந்தக் காரணத்தை நான் எழுதிவிட்டேன். தப்பு என்றால் கிழித்துப் போடுங்கள்.

ஆனால் மாமா, அந்தப் பயத்துக்கு நான் படிப்பை விட்டு வந்து நிற்க வேண்டுமா? நான் வந்து நின்றாலும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் யாராக இருப்பேன்?

ஒன்பதாம் தேதி ஞாயிறு வெற்றிலை பாக்கு. நான் வார்டில் இருப்பேன். அரை உடம்பு இரும்புக்குள் மாட்டிக்கொண்டு ஒரு நாடாவுக்காக அத்தனை பெரிய சத்தம் போட்டீர்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்காக மெதுவாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா?

கலா


காக்களூர்
10-12-73

அன்புள்ள கலாவுக்கு,

ஆலையிலிருந்து திரும்பியதும் எழுதுகிறேன்.

நேற்று காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆரணி போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் சுலபமாக வந்தது. உன் நைனா வாசலில் நின்று, என் பையை வாங்கிக்கொண்டு, "வா நைனா" என்றதும் போய்விட்டது. பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் நல்ல நேரம் என்றார்கள். இலை போட்டார்கள். தட்டில் அடுக்கிவைத்த வெற்றிலை என் கண் முன்னாலேயே இருந்தது. உன் அம்மா சோறு போட்டார். சாப்பிட்டேன். இரண்டாம் தரம் போட்டார். சாப்பிட்டேன். மூன்றாம் தரம் கரண்டி வந்தபோது, என் கை தானாகப் போய் இலையை மறைத்தது.

"வேணாம் அத்தை" என்றேன்.

நான் அந்த வீட்டில் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உன் அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. உன் நைனா பதறிப்போய், "இன்னா மாப்ள, உடம்பு சரியில்லயா? சோறு வேணாவா?" என்றார்.

"சோறும் வேணாம் மாமா. கல்யாணமும் வேணாம். கலா படிக்கட்டும்."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. கை இன்னும் இலை மேலேயே இருந்தது, எடுக்கத் தெரியவில்லை.

உன் நைனா முகம் கறுத்துவிட்டது. "எம் பொண்ணுகிட்ட இன்னா கொறயக் கண்டீங்க?" என்றார். குறை ஒன்றும் இல்லை என்றேன். "பின்ன?" என்றார். என்னிடம் வேறு காரணம் தயாராக இல்லை. அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பருத்தது, பெட்டியைத் திறந்தது, பாய்லர், பாக்கியநாதன் பல், இன்ஸ்பெக்டர் டார்ச். எச்சில் கையோடு உட்கார்ந்து, ஒரு அறிக்கை படிப்பது போலச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உன் அம்மா குனிந்து பார்த்தார். "இது பெரியவளுது இல்லியே. சின்னது பின்னின நாடாவாச்சே. இத்தத்தான் அன்னிக்கி அவ உருவிக்கினு..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார். என் அம்மா விடவில்லை. "எத்த உருவினா? என்னிக்கி?" என்று நச்சரித்தார். கடைசியில் உன் அம்மாவே பஜ்ஜிக் கதையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

என் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரொம்பக் கவலையாக, "அப்போ அந்தப் பொண்ணுக்குக் கால் நல்லாத்தான் கீதா?" என்றார்.

முதலில் உன் அம்மாதான் சிரித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கலா, அவருக்கும் விக்கல் வருகிறது, உனக்குத் தெரியுமா? அதே மாதிரி. தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைப் பார்த்தும் சிரித்தார். பிறகு அந்த நாடாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் எழுந்திருக்கவில்லை.

உன் நைனா மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "பொண்ணக் குடுக்கலன்னா இனிமே நீ எதுக்கு நைனா இந்த ஊட்டுப் படி ஏறுவே?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எதற்குப் பயந்துகொண்டு வாயை மூடி இருந்தேனோ, அவரும் அதற்குப் பயந்துதான் உன்னைக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

"சாப்பிட வருவேன்" என்றேன். "ஆனா ரெண்டு தரம்தான் போடணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மோர் ஊத்து" என்று உன் அம்மாவிடம் சொன்னார். மோர் வாங்கிக்கொண்டேன்.

உன் படிப்பைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது, "அந்தக் காவல்காரன் சரியான செவுடு, ஆஸ்பத்திரியில வேற ஆளே கெடைக்கலியா?" என்று தானாகக் கேட்டார். நீ அங்கேயே இருப்பாய் என்று மனதில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாடாவை இத்துடன் வைத்திருக்கிறேன். குஞ்சத்தில் கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் பாக்கியநாதனின் பல் தடம். உன்னுடையது. இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு மன்னித்துக்கொள்.

கால் எப்படி இருக்கிறது?

பரசுராமன்


சென்னை
15-12-73

அன்புள்ள மாமா,

கவரைப் பிரித்தபோது நாடா பாம்பு மாதிரி மடியில் விழுந்தது. ஞானம்மா அலறிவிட்டாள்.

நைனாவிடமிருந்து நேற்று ஒரு கார்டு வந்தது. அரிசி அனுப்புகிறாராம். ஊசி போடும்போது கை நடுங்கக்கூடாதாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். அதைப் பத்து தரம் படித்தேன்.

நாடாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிரீஸ் போக சோப்புப் போட்டுத் துவைத்தேன், பாதிதான் போனது. இதைத் திருடினது அக்கா. அவள் திருடி வைத்தது அவள் வீட்டில் இருப்பதுதான் முறை. நான் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் இன்னும் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடுங்கள். தயவுசெய்து பேண்ட்டில் போடாதீர்கள்.

தையல்காரனிடம் போங்கள். ஏன் இப்படி ஆனது என்று அவன் கேட்டால் பாய்லரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுங்கள். தையல்கூலியில் கொஞ்சம் குறைப்பான்.

கால் இரண்டும் சௌக்கியம். இன்று காலை முதல் நின்றுகொண்டேதான் இருந்தேன், ஒரு தரமும் உட்காரவில்லை.

வயிறு எப்படி இருக்கிறது?

கலா